படம் பார்த்தாச்சு, அப்புறம் புத்தகம் எதுக்கு? நாவல் திரைக்கு வரும்போது நடப்பது என்ன?

‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வெளியானபோது திரையரங்கு வாசல்களில் இரண்டு விதமான பேச்சு கேட்டது. “புத்தகத்துல இருந்தது பாதிகூட படத்துல இல்லையே” என்றார்கள் நாவலைப் படித்தவர்கள். “அதான் படமே வந்துடுச்சே, இனிமே யாரு அஞ்சு பாகத்தையும் படிக்கிறது?” என்றார்கள் படிக்காதவர்கள். இன்னொரு பக்கம், பத்து நிமிடத்தில் மொத்தக் கதையையும் சொல்லிவிடும் யூடியூப் காணொளிகள் வரிசை கட்டின.

இந்த இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. புத்தகமும் படமும் ஒரே சரக்கு, பாத்திரம்தான் வேறு என்ற நம்பிக்கை. ஒரு தரப்பு சரக்கு குறைந்துவிட்டது என்கிறது. மறுதரப்பு சரக்கு கைக்கு வந்துவிட்டது, பழைய பாத்திரம் எதற்கு என்கிறது. தமிழில் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கதைகள் ஏட்டிலிருந்து திரைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. ஒரு நாவலில் இருந்து எடுக்கப்படும் படம் என்பது, அந்த நாவலை ஒருவர் படித்த விதம். அவரும் நம்மைப் போல ஒரு வாசகர்தான். கையில் கேமரா வைத்திருக்கும் வாசகர். அவருடைய வாசிப்பு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், அது நம் வாசிப்புக்கு ஈடாகாது.

ஐந்து பாகமும் ஐந்தரை மணி நேரமும்

முதலில் எளிய கணக்கு. ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் ‘கல்கி’ வார இதழில் வந்த தொடர். ஐந்து பாகங்கள். மணிரத்னம் எடுத்த இரண்டு படங்களையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம். வாரக்கணக்கில் காத்திருந்து படிக்க எழுதப்பட்ட கதையை, இரண்டே உட்காரலில் பார்க்கும் கதையாக மாற்றினால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

நாவல் ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு தொடங்குகிறது. கதை எதைப் பற்றியது என்றே தெரியாமல் வாசகர் அவனோடு நிதானமாகப் பயணம் செய்கிறார். படமோ ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறது. திரையரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் யாருடன் மோதுகிறார்கள் என்பது சீக்கிரம் தெரிந்தாக வேண்டும். நாவலின் கடைசிப் பக்கங்களில் பலரைக் கலங்கடித்த மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. சேந்தன் அமுதனைச் சுற்றி நாவல் பின்னும் பிறப்பு ரகசியமும் கைவிடப்பட்டது.

“மணிமேகலை இல்லாம பொன்னியின் செல்வனா?” என்று கேட்பவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் மணிமேகலை எங்கும் போய்விடவில்லை. ஐந்தாம் பாகத்தில் அப்படியே இருக்கிறார். படத்தை மட்டும் பார்த்தவருக்குத்தான் அவர் இல்லை.

வாராவாரம் காத்திருந்த காலம்

தமிழில் நாவலும் சினிமாவும் நெருங்கியதற்கு முக்கியக் காரணம் வார இதழ்கள். கல்கி ‘ஆனந்த விகட’னில் இருந்தபோது எழுதிய ‘தியாக பூமி’யை கே. சுப்ரமணியம் படமாக்கினார். தொடர் இதழில் வந்துகொண்டிருந்த அதே நேரத்தில் படப்பிடிப்பும் நடந்தது. ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களே தொடரோடு அச்சாயின. 1939இல் படம் வெளியானது. பிறகு ஆங்கிலேய அரசு அதற்குத் தடை விதித்தது. கதையைப் படித்தவரும் படத்தைப் பார்த்தவரும் ஒரே காலத்தில் ஒரே கதையைப் பேசிக்கொண்டிருந்த அபூர்வமான தருணம் அது.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவலான ‘மலைக்கள்ளன்’ 1954இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் படமானது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுதான். இந்தி, தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று பல மொழிகளுக்கும் அந்தக் கதை போனது. ‘கள்வனின் காதலி’ 1955இலும் ‘பார்த்திபன் கனவு’ 1960இலும் திரைக்கு வந்தன.

அந்தக் கால வாசகருக்கு ஒரு கதாபாத்திரத்தின் முகம் முதலில் கிடைத்தது ஓவியரிடமிருந்து. மணியம் வரைந்த வந்தியத்தேவன், கோபுலு வரைந்த மோகனாம்பாள் என்று முகங்கள் மனதில் பதிந்திருந்தன. அதற்கும் மேலே ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் பார்த்த ஆட்களின் சாயலையும் சேர்த்துக்கொண்டார்கள். நடிகர் ஒருவர் அந்த வேடத்தில் வந்தபோது, “இவரு அவரு மாதிரி இல்லையே” என்ற முணுமுணுப்பு எழுந்தது அதனால்தான். படிக்கிறவர் ஏற்கெனவே மனசுக்குள் ஒரு படம் எடுத்து முடித்திருப்பார். திரையில் ஓடுவது அவருக்கு இரண்டாவது படம்.

ஏட்டில் இல்லாத சத்தம்

புத்தகத்தில் இருப்பதைப் படம் இழக்கிறது என்பது பாதி உண்மை. புத்தகம் தர முடியாததைப் படம் தருவதும் உண்டு. இதற்குத் ‘தில்லானா மோகனாம்பா’ளை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

கொத்தமங்கலம் சுப்பு, ‘கலைமணி’ என்ற புனைபெயரில் ‘ஆனந்த விகட’னில் எழுதிய தொடர் இது. நாதஸ்வரக் கலைஞர் சண்முகசுந்தரமும் ஆட்டக்காரி மோகனாம்பாளும் கலையால் மோதி, கலையாலேயே சேரும் கதை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கதையின் உயிரே நாதஸ்வரம். ஆனால் அச்சில் நாதஸ்வரம் ஒலிக்காது. எழுத்தாளர் எவ்வளவு எழுதினாலும், கேட்ட அனுபவம் உள்ளவருக்கு மட்டுமே அது உள்ளுக்குள் ஒலிக்கும்.

1968இல் ஏ.பி. நாகராஜன் இதைப் படமாக்கியபோது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் அந்த இடைவெளியை நிரப்பியது. கோயில் வாசலில் நின்று கச்சேரி கேட்கும் வாய்ப்பே இல்லாத நகரத்து ரசிகருக்கும் அது போய்ச் சேர்ந்தது. சிவாஜி, பத்மினி, சவடால் வைத்தியாக நாகேஷ், ஜில்ஜில் ரமாமணியாக மனோரமா என்று எல்லோரும் அந்தப் பாத்திரங்களாகவே நிலைத்துவிட்டார்கள்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. இன்றைக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’ என்றால் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது சிவாஜியும் பத்மினியும்தான். சுப்புவின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. அந்த நீண்ட நாவலில் வரும் ஊர்களும் திருவிழாக்களும் கலைஞர்களின் அன்றாடமும் படத்தின் புகழுக்குப் பின்னால் மறைந்து நிற்கின்றன. நல்ல படம் நூலுக்குப் புது வாசகரைக் கொண்டு வரலாம். நூலையே மறக்கடிக்கவும் செய்யலாம்.

மனசுக்குள் நடப்பதை எப்படிப் படம் பிடிப்பது?

நாதஸ்வரத்தை ஒலிக்கவைத்த திரைக்கு, மனதுக்குள் ஓடும் எண்ணத்தைக் காட்டுவது அவ்வளவு சுலபமாக இல்லை. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை 1995இல் ஞான ராஜசேகரன் படமாக்கினார். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் கிடைத்தது. கும்பகோணத்தில் படிக்க வரும் பாபு, அவனுடைய சங்கீத குரு ரங்கண்ணா, தன்னைவிட வயதில் மூத்த யமுனா மீது அவனுக்கு ஏற்படும் ஈர்ப்பு என்று கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

ஆனால் நாவல் நடப்பது அந்த இரண்டு வரியில் இல்லை. ஆசைக்கும் குற்ற உணர்ச்சிக்கும் நடுவில் பாபு தனக்குத் தானே பேசிக்கொள்ளும் பக்கங்களில்தான் அது நடக்கிறது. எழுத்தாளர் ஒரு வாக்கியத்தில் பாபுவின் நினைப்புக்குள் நுழைந்து அடுத்த வாக்கியத்தில் வெளியே வந்து காவிரிக் காற்றைச் சொல்லிவிடுவார். கேமராவால் பாபுவின் முகத்தைத்தான் காட்ட முடியும். அந்த முகத்துக்குள் என்ன ஓடுகிறது என்பதை நடிகரின் கண்ணும் இசையும் குறிப்பால் உணர்த்த வேண்டும்.

படிக்கும்போது வேகம் நம் கையில் இருக்கிறது. ஒரு வரி குத்தினால் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு மோட்டுவளையைப் பார்க்கலாம். நாலு பக்கம் பின்னால் போகலாம். திரையரங்கில் வேகம் படத்தொகுப்பாளர் கையில். ஓடிடியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிந்தாலும், அந்த நிறுத்தத்தில் நாம் எதையும் உருவாக்குவதில்லை. விட்ட இடத்தில் முகம், நிறம், வீடு, வெளிச்சம் எல்லாம் தயாராக இருக்கின்றன. புத்தகத்தில் அவை அத்தனையையும் நாம்தான் போட்டு நிரப்ப வேண்டும். வாசிப்பு சிலருக்குக் களைப்பாக இருப்பதும், சிலருக்கு விட முடியாத பழக்கமாக ஆவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

கங்காவின் மூன்று கதைகள்

வாசகர்கள் ஒரு கதையை எந்த அளவுக்குத் தங்களுடையதாக எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு ஜெயகாந்தன் சாட்சி. 1966இல் ‘ஆனந்த விகட’னில் அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தது. மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறும் கல்லூரிப் பெண், அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அவளுடைய அம்மா முதலில் கொதித்துப் போகிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்ற பொருளில் தேற்றி, விஷயத்தை வெளியே விடாமல் காக்கிறாள்.

வாசகர்கள் கொந்தளித்தார்கள். ஒரு தாய் இப்படிச் செய்யலாமா என்று சண்டைக்கு வந்தவர்கள் ஏராளம். ஜெயகாந்தன் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். சரி, அந்தத் தாய் ஊரைக் கூட்டி அலறியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்விதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். அண்ணனால் வீட்டை விட்டு விரட்டப்பட்டு, மாமாவின் ஆதரவில் படித்து, அதே மாமாவின் கெட்ட பார்வையையும் சமாளித்து, வேலைக்குப் போய்த் தனித்து நிற்கும் கங்கா அதில் பிறந்தாள். 1972இல் நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

நாவலுக்குள் ஒரு வேடிக்கை உண்டு. ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதையை எழுதியிருக்கிறார். கங்கா அதைப் படித்துத் தன் கதையை அதில் காண்கிறாள், தனக்குக் கிடைக்காமல் போன தாயையும் காண்கிறாள். ஒரு கதையைப் படிப்பதே இன்னொரு கதையை நகர்த்துகிறது.

1977இல் ஏ. பீம்சிங் இதைப் படமாக்கினார். திரைக்கதையும் வசனமும் ஜெயகாந்தனுடையவை. கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. சிறுகதையின் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. நாவலின் கங்காவுக்கு நீளமான தனிப்பேச்சு உண்டு. படத்தின் கங்காவுக்கு லட்சுமியின் குரலும் நிமிர்ந்த நடையும் உண்டு. எது உண்மையான கங்கா என்று கேட்டால் பதில் இல்லை. மூன்றையும் அறிந்தவருக்கு அந்தப் பெண்ணைப் பற்றி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் தெரியும், அவ்வளவுதான்.

விதை ஒன்று, மரம் வேறு

ஜெயகாந்தன் தன் கதையைத் தானே திரைக்கு எழுதினார். எழுத்தாளர் உயிரோடு இல்லாதபோது, படிக்கிற இயக்குநர் எவ்வளவு தூரம் போகலாம்?

மகேந்திரன் நிறைய தூரம் போனார். இளைஞராக இருந்தபோது எம்.ஜி.ஆருக்காகப் ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதியவர் அவர். அந்தப் படம் எடுக்கப்படவில்லை. பின்னாளில் 1978இல் உமாசந்திரனின் நாவலில் இருந்து ‘முள்ளும் மலரும்’ படத்தை எடுத்தார். மறு ஆண்டு வந்த ‘உதிரிப்பூக்கள்’ படத்துக்கு விதை புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’. தாயை இழந்த இரண்டு குழந்தைகள், வீட்டுக்கு வரும் சித்தி என்ற கருவைத் தாண்டினால், சிற்றன்னையின் வீட்டுக்கும் உதிரிப்பூக்களின் கிராமத்துக்கும் ஒற்றுமை குறைவு. ஆற்றங்கரையில் ஊரே கூடி நிற்கும் அந்த முடிவு நாவலில் கிடையாது. இருந்தும் தன் படம் எங்கிருந்து முளைத்தது என்பதை மகேந்திரன் மறைக்கவில்லை. புதுமைப்பித்தனின் பெயரை வெளிப்படையாகவே சொன்னார்.

இதில் ஒரு சோகமும் இருக்கிறது. புதுமைப்பித்தனே சினிமாவை நம்பிப் போனவர். ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதப் புனே போன இடத்தில் காசநோய் முற்றி, 1948இல் இறந்தார். அவருடைய எழுத்துக்குத் திரையில் பெரிய மரியாதை கிடைத்தது அதற்கு 31 ஆண்டுகள் கழித்து.

சிறுவனின் கதை, அப்பாவின் கதை

சமீப காலத்தில் அதிகம் பேசப்பட்ட மாற்றம் ‘வெக்கை’யில் நடந்தது. பூமணியின் இந்த நாவல் 1982இல் வந்தது. கரிசல் மண்ணில், அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கப் போகும் பதினைந்து வயதுச் சிதம்பரம்தான் நாவலின் மையம். கொலையோடு கதை தொடங்குகிறது. அதன் பிறகு அப்பாவும் மகனும் ஒளிந்து திரியும் நாட்கள். மலை, ஓடை, காட்டுச் சமையல், ராத்திரிப் பேச்சு. ஓடிக்கொண்டே இருக்கும்போதுதான் அந்தப் பையன் தன் அப்பாவை முதல் முறையாகத் தெரிந்துகொள்கிறான். நாவலில் சத்தம் குறைவு.

2019இல் வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’, கதையின் கனத்தைத் தந்தையின் தோளில் வைத்தது. தனுஷ் நடித்த சிவசாமியின் இளமைக்காலம், பஞ்சமி நிலப் பிரச்சினை, குடிசைகள் எரிக்கப்படும் கொடுமை எல்லாம் படம் சேர்த்தவை. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த நடிகர் என இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. நில உரிமை பற்றிய பேச்சைப் பல லட்சம் பேரிடம் கொண்டு சேர்த்தது அந்தப் படம். நாவல் தனியாக அதைச் செய்திருக்க முடியாது.

அதே நேரத்தில், ‘வெக்கை’யில் இருக்கும் ஒன்று ‘அசுர’னில் இல்லை. அரிவாளைத் தூக்கிய ஒரு பையனின் தலைக்குள் அடுத்த நாள் என்ன ஓடும்? பசி ஓடும், அம்மா நினைப்பு ஓடும், திடீரென்று ஒரு விளையாட்டு ஓடும். அவன் இன்னும் பையன்தான் என்பதைப் பூமணி பக்கத்துக்குப் பக்கம் காட்டுகிறார். படத்தோடு நிறுத்திக்கொள்பவர் சிதம்பரத்தைச் சந்திக்காமலே போகிறார்.

வெற்றிமாறனின் ‘விசாரணை’யும் இப்படித்தான். கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூரில் போலீஸ் காவலில் தான் பட்ட அடியை ‘லாக்கப்’ என்ற நூலாக எழுதினார். படத்தின் முற்பகுதி அந்த நூல். சென்னையில் நடக்கும் பிற்பகுதி இயக்குநர் சேர்த்தது. வெனிஸ் திரைப்பட விழா வரை போன அந்தப் படத்தின் வேர், அடிபட்ட ஒரு தொழிலாளி தானே எழுதிய சில பக்கங்கள்.

‘பரதேசி’யின் பயணம் இன்னும் நீளமானது. தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல், தொழிலாளர்கள் பட்ட பாட்டை 1969இல் ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அதிலிருந்து 2013இல் பாலாவின் ‘பரதேசி’ வந்தது. மருத்துவர் கண்டது எழுத்தானது, எழுத்து மொழி மாறியது, பிறகு திரைக்கு வந்தது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் என்ற ஒரு வாசகர் இல்லாதிருந்தால் அந்தக் கதை தமிழ்த் திரைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பெயர் போடுவது மரியாதை மட்டுமா?

இவ்வளவு கைமாறும்போது எழுத்தாளருக்கு என்ன கிடைக்கிறது? 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஒரு நாவலையோ சிறுகதையையோ படமாக்கும் உரிமை எழுத்தாளருக்குத்தான். அவர் வாழும் காலம் முழுக்கவும், இறந்த பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். அவருக்குப் பின் வாரிசுகள் அனுமதி தர வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்துகளுக்கு இந்தத் தடை இல்லை. கல்கியின் நூல்களைப் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் வெளியிட முடிவது அதனால்தான்.

ஆனால் சட்டம் காப்பது எழுத்தை. வெறும் கருத்தை அல்ல. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற நாடகத்துக்கும் ‘நியூ டெல்லி’ என்ற படத்துக்கும் இடையிலான வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒரே கருவை இருவர் வெவ்வேறு விதமாகச் சொல்லலாம், சொன்ன விதத்தை எடுத்தால்தான் தவறு என்பது தீர்ப்பின் சாரம். கருவுக்கும் விதத்துக்கும் நடுவில் இருக்கும் கோடு மெல்லியது. “இது என் கதை மாதிரி இருக்கே” என்று ஓர் எழுத்தாளர் சொல்லும்போது, அதை நிரூபிக்க வேண்டிய பாரமும் அவர் மேலேயே விழுகிறது.

இங்கேதான் வாசகருக்கு ஒரு வேலை இருக்கிறது. கதையை ஏற்கெனவே படித்தவர்கள் ஊரில் இருந்தால், எடுத்தவர் எளிதில் மறைக்க முடியாது. படிப்பவர்கள் குறையக் குறைய, எங்கிருந்து வந்தது என்று கேட்கும் ஆட்களும் குறைகிறார்கள். டைட்டில் கார்டில் எழுத்தாளர் பெயர் வருவதற்குச் சட்டம் எவ்வளவு காரணமோ, நினைவுள்ள வாசகர்களும் அவ்வளவு காரணம்.

பேனாவில் எழுதிய சினிமா

போக்குவரத்து ஒருவழியாக மட்டும் நடக்கவில்லை. சினிமாவைக் கூர்ந்து பார்த்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அசோகமித்திரன் ‘கரைந்த நிழல்கள்’ எழுதினார். நட்சத்திரங்களின் ஜொலிப்பைத் தள்ளி வைத்துவிட்டு, தயாரிப்பு நிர்வாகி, உதவியாளர்கள், சம்பளத்துக்குக் காத்திருப்பவர்கள் என்று படம் எடுக்கும் உழைப்பைச் சொன்ன நாவல் அது. ஜெயகாந்தனின் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ ரசிகர் பக்கம் திரும்பியது. திரையில் வரும் நாயகனை நிஜம் என்று நம்பும் ஓர் ஏழைப் பெண்ணுக்கு என்ன நேர்கிறது என்பது அதன் கதை. சுஜாதாவின் ‘கனவுத் தொழிற்சாலை’ திரையுலகத்தின் உள்பக்கத்தைக் காட்டியது.

அதே சுஜாதாவின் ‘ப்ரியா’ 1978இல் ரஜினி நடிக்கப் படமானபோது, லண்டனில் நடக்கும் கதை சிங்கப்பூருக்கு இடம் மாறியது. தொழில் என்று வந்துவிட்டால் கதைக்கு எங்கே விசா கிடைக்கிறதோ அங்கேதான் அது நடக்கும்! சினிமா எப்படி இயங்குகிறது என்று எழுத்தாளர்கள் சொல்லிவைத்ததைப் படித்தவர், படத்தின் மாற்றங்களைக் கொஞ்சம் பொறுமையோடு பார்ப்பார்.

இன்னொரு பக்கம், சினிமாக்காரர்களுக்கு வாசிப்பைச் சொல்லிக்கொடுத்தவர் பாலுமகேந்திரா. தொலைக்காட்சிக்காக அவர் எடுத்த ‘கதை நேரம்’ 52 சிறுகதைகளைக் குறும்படங்களாக்கியது. தன்னிடம் சினிமா கற்க வந்தவர்களைச் சிறுகதைகள் படிக்கவைத்தார். வெற்றிமாறன் அவரிடமிருந்து வந்தவர். ‘அசுரன்’, ‘விசாரணை’, ஜெயமோகனின் ‘துணைவ’னில் இருந்து வந்த ‘விடுதலை’ என்று அவருடைய படங்கள் நூல்களில் வேர்விட்டிருப்பதில் வியப்பில்லை.

எதை முதலில்? படமா, புத்தகமா?

கடைசியில் எல்லோரும் கேட்பது இதைத்தான். கறாரான விதி எதுவும் கிடையாது. ஆனால் ஒன்று கவனிக்கலாம். புத்தகத்தை முதலில் படித்துவிட்டுப் படம் பார்ப்பவர், தன் மனதில் இருந்த முகங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும். படத்தை முதலில் பார்த்தவருக்கு, சிவசாமி என்றால் தனுஷ்தான், மோகனாம்பாள் என்றால் பத்மினிதான். அந்த முகங்களை அழித்துவிட்டுப் படிப்பது கஷ்டம். அதற்காகப் படிக்காமல் விட வேண்டியதில்லை. முகம் திரையிலிருந்து வந்தாலும், மனசு எழுத்திலிருந்துதான் வரும்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில இணைகள்:

நேரம் குறைவாக இருந்தால், ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையும் அதிலிருந்து சசி எடுத்த ‘பூ’ (2008) படமும். சிறுகதையில் சில பக்கங்களில் முடியும் ஒரு பெண்ணின் அழுகை, படத்தில் ஒரு முழு வாழ்க்கையாக விரிவதைப் பார்க்கலாம். சிறியது பெரிதாகும்போது என்ன சேர்க்கிறார்கள் என்பது புரியும்.

ஒரு வார இறுதி இருந்தால், ‘வெக்கை’யும் ‘அசுர’னும். கதையை யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதை மாற்றினால் கதையே மாறிவிடுவது புரியும். நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்க’ளையும் தங்கர் பச்சானின் ‘சொல்ல மறந்த கதை’யையும் (2002) இதே மாதிரி சேர்த்துப் பார்க்கலாம்.

பொறுமை இருந்தால், ‘அக்கினிப் பிரவேசம்’, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல், பிறகு படம். இந்த வரிசையில்.

பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்கள் பயமுறுத்தினால், முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துப் பார்க்கலாம். கிளை நூலகத்திலேயே கிடைக்கும். ஏரிக்கரை எப்படி இருந்தது, குதிரை என்ன நிறம், காற்று எந்தப் பக்கம் வீசியது என்று மனசு தானாகவே போட்டுக்கொள்ளத் தொடங்கிவிடும். அந்த வேலையை நமக்காக வேறு யாரும், எவ்வளவு பெரிய இயக்குநராக இருந்தாலும், செய்து தர முடியாது.